முன்பு: பூஜ்யம்

டர்பனில் பிப்ரவரி.
வெளியே துறைமுகம் வேர்த்துக் கொட்டுகிறது.
ஏழாம் மாடியில் நாங்கள்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கப்பல் கணக்கு எழுதுகிறோம்.
ஏ.சி. ரிமோட் மிஸ்டர் கிராய்லிங்கின் இழுப்பறையில்,
இழுப்பறைச் சாவி மிஸ்டர் கிராய்லிங்கின் கழுத்தில்.

ஜொஹானஸ்பர்க்கிலிருந்து கடிதம்:
இனி நாம் பசுமை அலுவலகம்.
பொறுப்பாளர் ஒருவர் வேண்டுமாம்.
மீட்டிங்கில் எல்லோரும் குனிந்து
கீழே விழாத பேனாவைத் தேடினார்கள்.
எனக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டது.
நிமிர்ந்தேன்,
நானே பொறுப்பாளர்.

செய்தேன், ஏன் செய்யாமல்.
சுவிட்சுக்குச் சுவிட்ச் சீட்டு ஒட்டினேன்.
காகிதக் கோப்பையை நிறுத்தினேன்;
லோகன் படையாச்சி
காதுடைந்த பீங்கான் கோப்பை கொண்டுவந்து
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
பிரிண்டருக்கு இருபுறமும் அச்சடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.
கற்றுக்கொள்ளும் முன் அது
நாற்பது தாளைத் தின்றது.
கடைசியாக மூன்று தொட்டிகள்:
பச்சை, மஞ்சள்,
காகிதத்துக்கு நீலம்.

ஐந்தரைக்கு நொம்புசோ வந்தாள்.
வாளியை வைத்தாள். தொட்டிகளைச் சுற்றி நடந்தாள்,
வீடு பார்க்க வந்தவள்போல.
"சிஸி, நீலத்தில் விழுவது யாருக்கு?"
லாரி வரும், என்றேன்.
சான்றிதழ் தருவார்கள், என்றேன்.
"அப்போ பெகானி?"

பெகானி யார் என்று
எனக்குத் தெரியாது.

பின்சந்தில் தள்ளுவண்டிக்காரன்.
பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைகளில்
எங்கள் குப்பையைப் பிரித்து,
பின்களைப் பிடுங்கி,
வெள்ளைத் தாள் தனி, அட்டை தனி
என்று கட்டி இறக்குகிறாள்.
எடையில் பாதி அவனுக்கு, பாதி இவளுக்கு.
அந்தக் காசு எதற்கென்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
'திட்டத்துக்கு முன் மறுசுழற்சி, கிலோவில்.'
முதல் நாளே
யாரையும் கேட்காமல் எழுதியிருந்தேன்
பூஜ்யம்.

"கணக்கு இருக்கிறதா?" என்றேன்.
தணிக்கைக்காரி புத்தி, போகுமா?
துடைப்பம் வைக்கும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள்.
எங்கள் கழிவுத்தாளில் எங்கள் பின்னடித்த நோட்டு.
மாதங்கள் ஜூலுவில்,
எண்கள் எல்லோருக்கும் பொதுவான எண்கள்.
ஒரு தாளைப் புரட்டினேன்:
மறுபக்கத்தில் கெட்டுப்போன சரக்குச் சீட்டு,
அதன் அடியில் கல்யாணத்துக்கு முந்தைய என் கையெழுத்து.
நெளிவு சுளிவோடு, யாரோ ஒருத்தியுடையதுபோல.

இருட்டும்வரை கூட்டினேன்.
ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோ.
ஓரிடத்திலும் பிழையில்லை.
என் லெட்ஜரைப்பற்றி
அப்படிச் சொல்ல மாட்டேன்.

பூஜ்யத்தை அழித்து எழுதி அனுப்பினேன்.
மறுநாளே பதில்:
சான்றிதழ் இல்லாத எடை எடையாகாது,
திருத்தி அனுப்பவும்.

இன்னும் திருத்தவில்லை.
லாரி ஒப்பந்தம் என் இழுப்பறையில் கிடக்கிறது.
என் இழுப்பறைக்குச் சாவி கிடையாது;
தேவையும் இல்லை,
பசுமை என்று எழுதிய கோப்பை
இங்கே யாரும் திறப்பதில்லை.
நீலத்தொட்டியில் குடைகள் நிற்கின்றன.
மழை நாளில் தரை நனையவில்லை என்று
மிஸ்டர் கிராய்லிங்கே பாராட்டினார்.

நன்றாகத்தான் போகிறது என்று நினைத்திருந்தேன்.
இந்த வெள்ளிக்கிழமை
கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு
நொம்புசோ என் மேசைக்கு வந்தாள்.
"ஒன்பது கிலோதான், சிஸி."
போன வருடம் இதே வாரம் பதினாறு.

நான் பிரிண்டரைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

பிறகு அந்த ஒன்பதை எழுதிவைக்க
கழிவுக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள்.
புரட்டினாள்.
இன்னொன்றை உருவினாள், புரட்டினாள்.
எல்லாத் தாளிலும்
இரண்டு பக்கமும் நாங்கள்.